இரண்டாம் மணிக்குச் சொன்ன பெயர்

இரண்டாம் மணி அடித்து ஓய்ந்தபோது செப்பனியா கோயிலுக்குள் வந்து, ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சில், சுவரோரம், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது தெரிந்தது. சீ, ஓடவும் இல்லை, ஏறவும் இல்லை, வாசலில் நின்ற கிதியோன் காதில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வந்ததற்கா இந்தப் பாடு. சொன்னது தப்பா? யார் தப்பென்று சொல்லப் போகிறார்கள்? சீலோவிளை சபையில் பிள்ளையின் பெயரைப் பெற்றவர்கள் யாரிடமும் வாய் திறந்து சொல்லக் கூடாது, ஞானத் தகப்பனிடம்கூட. பெயர் தேடிக் கொடுத்தவர் இரண்டாம் மணி அடிக்கும்போது வந்து ஞானத் தகப்பன் காதில் சொல்ல வேண்டும், அவன் அதை வாய்க்குள் அடக்கிக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டி பக்கம் போய் நிற்க வேண்டும், பாதிரி ஐயர் இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள் என்று கேட்கும்போதுதான் அந்தப் பெயர் சபையின் காதில் முதல் தடவையாக விழ வேண்டும், விழுந்ததும் பெயர் தேடிக் கொடுத்தவர் எழுந்து அதன் அர்த்தத்தைச் சொல்ல வேண்டும், அர்த்தத்துக்குச் சபை ஆமென் சொல்ல வேண்டும். மாடசாமியும் சுடலைமுத்துவுமாக இருந்தவர்கள் மல்கியாவும் ஓபதியாவுமாக மாறின காலத்தில், அர்த்தம் தெரியாத பெயரைச் சொல்லி எப்படிப் பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுவது என்று எவளோ ஒருத்தி கோயில் வாசலில் உருண்டு அழுதாளாம், அதனால் வந்த வழக்கமாம். இதைச் சொன்னதும் செப்பனியாதான், ஆகையால் எவ்வளவு நம்பலாம் என்பது அவரவர் பாடு. தண்ணீரின் மேல் ஒரு தடவை சொன்ன பெயரைத் திருப்பி எடுக்க முடியாது, அதில் மட்டும் பொய் கிடையாது. கிதியோன் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி சிப்போராளின் அண்ணன் மகன், பஞ்சர் கடை வைத்திருக்கிறவன், டியூபில் ஓட்டை எங்கே என்பதைத் தவிர வேறு எதையும் துருவிப் பார்க்காதவன். சரி மாமா என்றான். பிள்ளைக்குப் பூட்டனே வந்து காதில் சொல்லும்போது, மாமா இது நீங்களா தேடினது, பிள்ளையைப் பெற்ற எமீமா உங்களிடமா கேட்டாள் என்று எவன் கேட்பான்? எவனுக்குக் கேட்கத் தோன்றும்? தனக்கே தோன்றவில்லையே, சொல்லி முடிக்கும் வரைக்கும்.

நடைக்கு அந்தப்புறம் சிப்போராள் பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அரக்குக் கரைப் புடவை, அது கிறிஸ்துமஸுக்கு எடுத்தது, கிறிஸ்துமஸுக்கே கட்டாமல் இன்றைக்கென்று வைத்திருந்தாள், சரி, கொள்ளுப்பேரன் ஞானஸ்நானம், கட்டட்டும், யாருக்காகக் கட்டினாள் என்றெல்லாம் கேட்டால் அசிங்கம். மின்விசிறி கிறுக் கிறுக்கென்றது. அந்தச் சத்தம் பேருந்து எஞ்சின் சத்தத்தைப் போல ஒரே தாளத்தில் ஓடி அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று, கண்டக்டராக இருந்த காலத்துக்கு, திசையன்விளைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில், தோளில் தோல்பை, விரலிடுக்கில் டிக்கெட், அந்த வண்டியில்தான் கொச்சி யூதர் ஏறினார், மிளகு மூட்டையோடு, நரைத்த தாடி மார்பு வரைக்கும். மூட்டைக்கு டிக்கெட் போடாமல் விட்டதற்குப் பதிலாக எபிரேயப் பெயர்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார், பணகுடி தாண்டுவதற்குள் ஆதாமிலிருந்து தாவீது வரை முடித்துவிட்டார், அதற்கப்புறம் மாதாமாதம் அதே வண்டியில் வந்து மீதியையும் சொல்லிக் கொடுத்தார் என்று செப்பனியா சொல்லாத வீடு சீலோவிளையில் கிடையாது. சொல்லிச் சொல்லி இப்போது அந்தத் தாடியில் ஒட்டியிருந்த மிளகுத் தூசிகூடத் தெரிகிறது, தும்மல் வருகிறது. அப்படி ஒருத்தர் ஏறவே இல்லை என்பதை நிரூபிக்க யாரால் முடியும்? அவராலேயே முடியாது. வேதப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் பெயர்களும் அர்த்தங்களும் போட்டிருக்கும், அதை அவர் பார்க்காமலில்லை, ஆனால் அதில் என்ன இருக்கிறது, ஒரு சொல், ஒரு அர்த்தம், உப்பில்லாத கஞ்சி. பேலேகு என்றால் பிரிவு என்று போட்டிருந்தது. ஒரு பிள்ளைக்கு எழுந்து நின்று பிரிவு என்றா சொல்வது, பெற்றவள் தொட்டிக்குள்ளேயே விழுந்துவிட மாட்டாளா? ஒருவனுக்கும் குறையாமல் பங்கு பிரிக்கிறவன் என்று சொன்னார், சபை ஆமென் என்றது, அவன் வளர்ந்து நிலம் அளக்கும் சர்வேயர் ஆனான். அவன் சர்வேயர் ஆனது அர்த்தத்தாலா, அரசாங்கப் பரீட்சையாலா? பரீட்சையால் என்று அவன் சொல்லலாம். அவன் அம்மா சொல்ல மாட்டாள். யாபேஸ் என்றால் துக்கம்; வலியைத் தின்று முடித்தவன் என்றார் செப்பனியா, அவன் இன்று வள்ளியூரில் பல் பிடுங்குகிறான். இந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கும் தலைகளில் பாதிக்கு மேல் அவர் கையால் டிக்கெட் கிழித்துக் கொடுத்த தலைகள். எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார், இறங்கினார்கள், இல்லையா?

அப்படி இருந்த வண்டியில்தான் போன வருஷம் அந்த ஆள் ஏறினார். எலியேசர். சிப்போராளின் தங்கை பெனின்னாளைக் கட்டியவர், செப்பனியாவுக்குச் சகலை, பெங்களூரில் வேதசாஸ்திரக் கல்லூரியில் எபிரேயம் சொல்லிக் கொடுத்த புரொபசர், பெனின்னாள் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்க முடியவில்லை என்று சீலோவிளைக்கு வந்து தெற்குத் தெருவில் வீடு பிடித்தார். வந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சாமுவேல். கர்த்தரிடத்தில் கேட்டு வாங்கினவன் என்று செப்பனியா எழுந்து சொல்லி, சபை ஆமென் சொல்லி, எல்லாம் நல்லபடி முடிந்து வெளியே வந்து நிற்கும்போது ஐயர்தான், சும்மா இருக்க முடியாமல், புரொபசரைக் கேட்டார். புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாய் சொன்னது கேட்டு வாங்கினது என்றுதான், வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் சொல்லின் கட்டமைப்பைப் பார்த்தால் கேட்டு வாங்கினது என்பது சவுல் என்ற பெயருக்குத்தான் பொருந்தும், சாமுவேல் என்பது தேவனுடைய பெயரைத் தாங்கினது போல, உறுதியாகத் தெரியாது, அறிஞர்களுக்கு இரண்டு அபிப்பிராயம் உண்டு என்றார். தெரியாது என்றார்! எபிரேயத்தில் முடி நரைத்த ஆள், தெரியாது என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்கிறார், அதற்குச் சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். செப்பனியா ஆயுள் முழுக்கத் தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொன்னது கிடையாது, ஒரு பிள்ளையின் ஒரு பெயருக்குக்கூட, அதற்கு இந்த மரியாதை கிடைத்ததுண்டா? தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா? மோசே என்றால் தண்ணீரிலிருந்து எடுத்தது என்று ராஜகுமாரத்தி வைத்த பெயர், இந்த ஆள் சொல்கிறார், அது எகிப்துப் பேச்சில் பிள்ளை என்ற சொல்லாக இருக்கலாமாம், எபிரேயர்கள் பிற்பாடு தங்கள் பேச்சில் அர்த்தம் கற்பித்துக்கொண்டார்களாம், வேதத்தில் பெயருக்குச் சொல்லியிருக்கிற காரணங்களில் பல இப்படிப் பெயரைச் சுற்றிப் பிற்பாடு பின்னின கதைகள்தானாம். செப்பனியாவைப் பார்த்துச் சிரித்தபடி, நம்ம அண்ணாச்சி மாதிரி ஆட்கள் அந்தக் காலத்திலும் இருந்திருப்பாவ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிப்போராளும் சிரித்தாள். அது புகழ்ச்சியா, குத்தலா? இன்று வரைக்கும் பிடிபடவில்லை. புகழ்ச்சியாக இருந்தால் அதுதான் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து வாழைப்பழச் சீப்பும் பனங்கற்கண்டும் தெற்குத் தெருவுக்குத் திரும்பிவிட்டன. பெயர் கேட்டு வருகிறவர்கள் கொண்டுவருவது, செப்பனியாவின் சமையலறையில் ஒரு காலத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது, இப்போது எறும்புகளும் இடம் மாறிவிட்டன போல. அதுகூடப் பரவாயில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சிப்போராள் தூக்குவாளியில் மீன்குழம்பு கொடுத்தனுப்புகிறாள், மனுஷன் ஒத்தையில கெடக்காவ, தங்கச்சி இருந்தா செய்ய மாட்டாளா என்கிறாள். தங்கச்சி. தங்கச்சியை அல்ல, அக்காவைத்தான் முதலில் பெண் பார்க்க வந்தார்கள் எலியேசர் வீட்டார், அப்போது அவர் மேல்படிப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், கல்யாணம் இப்போது வேண்டாம் என்றார், அக்காவை அதற்குள் ஒரு கண்டக்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். சிப்போராள் இதை ஒரு தடவைதான் சொன்னாள், முறுக்குப் பிழிந்துகொண்டே, வேறு எதையோ சொல்லும் நடுவில், ஒரு தடவைதான், ஆனால் சில சொற்களை ஒரு தடவை சொன்னால் போதும்.

பாட்டு எழுந்தது, கீர்த்தனை, செப்பனியாவும் எழுந்தார், வாய் தானாக அசைந்தது, மனசு வியாழக்கிழமைக்குப் போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் எமீமா, அவர் மகள் வயிற்றுப் பேத்தி, அவர் வளர்த்தது, பிரசவத்துக்கு வந்து இன்னும் புருஷன் வீடு போகாதவள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சீப்பு நேந்திரம் பழமும் ஒரு காகிதப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு தெற்குத் தெருப் பக்கம் போனாள். தாத்தாவைப் பார்த்தாள், பார்த்ததும் பொட்டலத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கடைக்குப் போறேன் தாத்தா என்றாள். பழத்தை எடுத்துக்கொண்டா கடைக்குப் போவார்கள்? இழுத்துக்கொண்டாளே, அந்தக் கை, அதுதான் போகவில்லை கண்ணைவிட்டு. அவளுக்கு எமீமா என்று பெயர் வைத்தது யார்? யோபுவின் மூத்த மகள் பெயர், மழை விட்ட பிறகு அடிக்கிற முதல் வெயில் என்று அர்த்தம் சொன்னார், அவள் பிறந்த அன்று மூன்றாம் நாளாக மழை, சரியாக அவள் அழுதபோது வெயில் வந்தது, அல்லது வந்ததாக அவர் சொன்னார். சின்னப் பிள்ளையில் மழை விட்டால் அவள் முற்றத்துக்கு ஓடி, என் பேரு வந்துட்டு என் பேரு வந்துட்டு என்று குதிப்பாள். போன மாதம் ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்து சொல்கிறாள், தாத்தா, என் பேருக்குப் புறாவாம், புரொபசர் தாத்தா சொன்னாவ. புறா. கூரையில் எச்சம் போடுகிற சாதி. நீ என்ன சொன்ன என்று கேட்டார். புறாவும் நல்லாத்தான இருக்கு என்றாள். வெயிலைப் பிடுங்கிக்கொண்டு புறாவைக் கையில் கொடுத்திருக்கிறார், அவளும் வாங்கிக்கொண்டாள், அவளுக்கு வலிக்கவே இல்லை, பிடுங்கப்பட்டது தாத்தாவிடமிருந்துதான் போல. ஆக, கொள்ளுப்பேரனுக்கும் பெயர் அங்கேதான். இவ்வளவு பேருக்கும் பெயர் வைத்துவிட்டுத் தன் வீட்டுப் பிள்ளை தொட்டிக்குப் போகும்போது அந்த ஆள் எழுந்து நின்று கண்ணாடியைத் துடைக்க, இவர் ஆமென் சொல்ல வேண்டும். எழுந்திருக்கும்போது அந்த ஆளின் கறுப்புக் கோட்டு எப்படி மடிப்பில்லாமல் விழும் என்பது வரைக்கும் தெரிந்தது. சிப்போராள் எந்தப் பக்கம் பார்ப்பாள் என்பதும் தெரிந்தது. அப்போது மனசுக்குள் வந்தாள் வேதத்து ராகேல், இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த பெயரோடு. அக்காளும் தங்கையும் ஒருவன் வீட்டில். அக்காள் லேயாள் பெற்றுப் பெற்றுப் பெயர் வைத்தாள், பார் ஒரு மகன் என்று ஒருத்தன், என்னைக் கேட்டார் என்று ஒருத்தன், இனி அவர் என்னோடு சேர்ந்திருப்பார் என்று ஒருத்தன். ராகேல் பொறாமையில் வெந்து, தன் வேலைக்காரி பெற்றதைத் தன் மடியில் போட்டுக்கொண்டு நப்தலி என்றாள், என் சகோதரியோடு போராடினேன், மேற்கொண்டேன் என்று அர்த்தம். பன்னிரண்டு கோத்திரத்தின் பெயர்களில் பாதி இரண்டு பெண்களின் வயிற்றெரிச்சல்! அதற்கு மேல் கோயில் கட்டினார்கள், யுத்தம் பண்ணினார்கள், ஒருவனும் வெட்கப்படவில்லை. நப்தலி. சகோதரி இருக்கிற இடத்தில் சகலையைப் போட்டுக்கொண்டால் போதும். சபைக்குப் போராடி ஜெயித்தவன் என்று மட்டும் சொல்லலாம், பாங்கான அர்த்தம், ஆம்பிளைப் பிள்ளைக்கு ஏற்றது. முழு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் பின்னால் உட்கார்ந்திருப்பார், அவருக்கு மட்டும் கேட்கும். இது பிள்ளைக்கு வைக்கிற பெயரா, அந்த ஆளுக்கு எழுதுகிற மொட்டைக் கடிதாசியா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. அதைத் தாண்டிப் போய்விட்டார்.

யாரோ முழங்காலை இடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். திரும்பாமலே தெரிந்தது, பெப்பர்மின்ட் வாசனை. எலியேசர், மூட்டுவலியில் தாமதமாக வந்து, இரண்டு வரிசை பின்னால் தன் இடம் காலியாக இருக்க, இங்கே, இவரோடு, பெஞ்சின் சுவரோர மூலையில் இவரை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணாச்சி என்று மெல்லச் சொல்லி ஒரு பெப்பர்மின்ட்டை உள்ளங்கையில் வைத்தார். வாங்காமல் இருக்க முடியுமா, கோயிலில்? வாயில் போட்டார், காரம் மூக்குக்கு ஏறியது. ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கினார், ஏதோ விதை, ஏதோ நிலம். இன்னும் கொஞ்ச நேரம்தான். நப்தலி என்று கிதியோன் சொல்வான். அந்த ஆள் தான் தேடிக் கொடுத்த பெயர் வரவில்லையே என்று ஒரு விநாடி விழிப்பார், அந்த விழிப்பைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும். உடனே செப்பனியா எழுந்து நிற்பார். யார் கேட்பார்கள்? தண்ணீர் விழுந்த பிறகு எமீமா என்ன செய்ய முடியும்? அழுவாள். அழுதால் அழட்டும், பழத்தை மறைத்துக்கொண்டு போனவள். ஒரு வாரம் பேச மாட்டாள், பிறகு பிள்ளை இவர் மடியில்தானே மூத்திரம் பெய்ய வேண்டும். பக்கத்து ஆளின் கையைப் பார்த்தார், நகம் ஒழுங்காக வெட்டி, சுத்தமாக, அந்தக் கையில் மீன்குழம்பு ஒட்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை, ஸ்பூனால் சாப்பிடுவார் போல. அவர் பிரசங்கத்தை உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார், தலையை ஆட்டி, இவ்வளவு படித்த ஆள் இந்தப் பையன் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்கிறார், அதிலும் தோற்றாயிற்று. பொறாமை பாவம்தான். ஆனால் கர்த்தரே மோசேயிடம் தம்முடைய பெயர் எரிச்சலுள்ளவர் என்றுதானே சொன்னார், பிற தேவனை வணங்காதே, எனக்குப் பொறுக்காது என்று. அவருக்குப் பொறுக்காதது செப்பனியாவுக்கு எப்படிப் பொறுக்கும்? சனங்கள் ஒரு வருஷமாகத் தெற்குத் தெருவில் போய் வணங்குகிறார்களே. அவர் கட்டளை கொடுத்தார், மலையில் புகை எழுப்பினார், செப்பனியா கிதியோன் காதில் ஒரே ஒரு பெயரைச் சொன்னார், இரண்டில் எது பெரிய குற்றம். இதை யாரிடமாவது சொன்னால் நன்றாகச் சிரிப்பார்கள் என்று தோன்றியது, யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தார், ரசித்துச் சிரிக்கக்கூடிய ஆள் ஒருத்தர்தான் ஊரில், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எரிச்சலாக இருந்தது.

பிரசங்கம் முடிந்து பாட்டு. எமீமா குழந்தையோடு தொட்டியருகே போனாள், வெள்ளைச் சட்டை தரை வரைக்கும் தொங்கியது, கிதியோன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், பெயர் வெளியே கசிந்துவிடும் என்பதைப் போல. பாட்டுச் சத்தத்தில் எலியேசர் தலையைச் சாய்த்தார், வாய் செப்பனியாவின் காதருகே வந்தது. "அண்ணாச்சி, நம்ம எமீமாட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன், ஆனா திடீர்னு கேட்டா உங்க நெஞ்சு தாங்காதுன்னு தோணுது, அதான் சொல்லுதேன். வியாழக்கிழமை அது எங்கிட்ட பேரு கேக்க வரல. பேரை அதுவே முடிவு பண்ணிட்டுத்தான் வந்துச்சு. உங்க பேருதான். செப்பனியா." பாட்டு எந்த அடியில் இருக்கிறது என்று செப்பனியாவுக்குத் தெரியவில்லை. "தாத்தா எல்லாருக்கும் அர்த்தம் சொல்லியிருக்காவ, அவிய பேருக்கு அவியளே எந்திரிச்சுச் சொன்னா நல்லாவா இருக்கும், நீங்க சொல்லுங்கன்னு கேட்டுச்சு. அதுக்குப் பழம் வேற. நான் வாசலுக்கு வரதுக்குள்ள கிதியோன், பேரு வந்துட்டு மாமான்னுட்டு உள்ள போயிட்டான். பொறுக்க மாட்டாம அதுவே சொல்லிருக்கும், என்ன?" என்று சொல்லி, கையை எடுத்து செப்பனியாவின் முழங்காலில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். முழங்கால் என்று ஒன்று இருப்பது அந்தத் தட்டில்தான் தெரிந்தது, உடம்பின் மற்ற இடமெல்லாம் எங்கோ போயிருந்தது. செப்பனியா. கர்த்தர் ஒளித்துவைத்தார் என்று அர்த்தம், தன் பெயருக்கு மட்டும் அவர் ஒரு கதையும் கட்டியதில்லை, யாரும் கேட்டதில்லை. முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாளே, அந்தக் கை. அது ஒளித்தது இவரையா? எழுந்து போக வேண்டும். கிதியோன் காதில் போய், ஏல, அது இல்ல, என்று சொல்ல வேண்டும். சுவர் ஒரு பக்கம், எலியேசரின் வீங்கின முழங்கால்கள் மறு பக்கம், எழுந்திருக்க வேண்டுமென்றால் அந்த ஆளைத் தாண்ட வேண்டும், தாண்டினால் எதற்கு என்பார், எதற்கு என்று சொல்வது? மூத்திரம் என்று சொல்லலாம். தொட்டியைப் பார்த்தா மூத்திரத்துக்குப் போவார்கள்? சிப்போராளுக்குச் சைகை காட்டலாம், அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் பொய் சொல்லித் தப்பித்த மூளை, பல்லாங்குழியில் காய் தீர்ந்ததைப் போல ஒவ்வொரு குழியாகத் தடவிப் பார்த்தது, ஒரு பொய் இல்லை. பாட்டு முடியாமல் இருக்கலாம், இன்னும் ஒரு சரணம் இருக்கலாம். இல்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள். குழந்தை கொட்டாவி விட்டது. ஐயர் அதை வாங்கிக் கையில் கிடத்திக்கொண்டார்.

இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள் என்றார் ஐயர். கிதியோன் தொண்டையைச் செருமினான், நப்தலி என்றான், டயரில் காற்றடைத்து வெடித்ததைப் போல அவ்வளவு தெளிவாக. எமீமா தலையைத் தூக்கினாள். ஐயர் தண்ணீரை அள்ளினார், நப்தலி, பிதா, தண்ணீர், குமாரன், தண்ணீர், பரிசுத்த ஆவி, தண்ணீர், குழந்தை வீறிட்டது, ஆயிற்று. இனிச் செப்பனியா என்று ஒரு பிள்ளை இந்த ஊர்த் தெருவில் ஓடாது. எமீமா கிதியோனைப் பார்த்தாள், பிறகு புரொபசரைப் பார்த்தாள், ஒரு கோடு புருவத்தின் நடுவில் விழுந்தது, அது அவள் பாட்டியின் கோடு. செப்பனியாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை அவளுக்கு, அதுதான் சகிக்கவில்லை. அர்த்தம் சொல்ல வேண்டிய இடைவெளி வந்தது, சபை காத்திருந்தது. எழுந்திரு என்றார் தனக்குத் தானே. பெப்பர்மின்ட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். பக்கத்தில் அந்த ஆள் அசையாமல் இருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. நப்தலி என்றால் என்ன, யாரைக் குறித்து யார் சொன்னது, எந்த வாயிலிருந்து கிதியோன் காதுக்குப் போயிருக்கும், எல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் தெரிந்துவிட்டது, மூச்சு உள்ளே போய் வெளியே வராமல் நின்றதே, அது போதும். திரும்பிப் பார்ப்பார் என்று செப்பனியா எதிர்பார்த்தார், அறைவதைப் போலப் பார்க்கட்டும், தாங்கிக்கொள்ளலாம். அவர் பார்க்கவில்லை. பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். பிள்ளையின் தாய்க்குத் தன் தாத்தாவின் பெயரை வைக்க ஆசை என்றார். தாத்தா நல்லபடி உயிரோடு இருக்கும்போது அவர் பெயரை அப்படியே வைப்பதில்லை என்று யூதர்களில் சிலரிடம் வழக்கம் உண்டு, ஆகையால் அதே அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பெயர் தேடுவார்கள் என்றார். செப்பனியா என்றால் கர்த்தர் ஒளித்துவைத்தார் என்றார். கொஞ்சம் நிறுத்தினார், எங்கோ தூரத்தில் கேட்டுக்கொள்வதைப் போல. "ஒளிச்சு வச்சதை எடுத்து நம்ம கையில கொடுத்தார். அதுதான் நப்தலி. இதுல அறிஞர்களுக்கு ரெண்டு அபிப்பிராயம் உண்டு. நான் இதைத்தான் நம்புதேன்."

ஆமென் என்றது சபை, இதுவரை செப்பனியா எந்த அர்த்தத்துக்கும் கேட்டிராத ஆமென், பின் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பொய், அடிமுதல் நுனிவரை பொய், வேதத்தில் அப்படி ஒரு அர்த்தம் எந்த மூலையிலும் இல்லை, அது இந்தக் கோயிலுக்குள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். முதல் பாதியில் ஏதோ உண்மை இருக்கும், வழக்கம் கிழக்கம் என்றது உண்மையாகத்தான் இருக்கும், பொய்யை உண்மையின் மடியில் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டிருக்கிறான் பாவி. அந்த நிறுத்தம். ஒளித்துவைத்தார் என்று சொல்லிவிட்டு நிறுத்தினானே, அந்த நிறுத்தத்தை யார் கற்றுக்கொடுத்தது, எந்தக் கல்லூரியில்? எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த இடத்தில் எழுந்து நின்று, எத்தனை பெயரைப் பிழிந்து, தொண்டை வறள, ஒரு தடவையாவது இப்படி ஒன்று வாய்த்ததா? பொறாமைக்கு ஒரு அடி உண்டு, அதற்குக் கீழே போக முடியாது என்று நினைத்திருந்தார், அதற்குக் கீழேயும் ஒரு படிக்கட்டு இறங்கிப் போயிற்று. எமீமா இப்போது அவரைப் பார்த்தாள். புருவத்துக் கோடு போய், கண் நிறைந்து, குழந்தையைக் கொஞ்சம் தூக்கி, இந்தா தாத்தா என்பதைப் போலக் காட்டினாள். கொடுத்தது எவனோ, வாங்குகிறது நான், என்று நினைத்தார். நினைத்தாலும் கை தானாக உயர்ந்து ஆடியது. சிப்போராள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தப் பெஞ்சையே பார்த்தாள். இரண்டு கிழவர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவள் பார்வை எந்தத் தலையின் மேல் என்பதை அங்கிருந்து எடைபோட முடியவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்றால் சுவர். எலியேசர் கண்ணாடியை மாட்டப் பார்த்தார், காது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. நீங்களா சொன்னீங்க என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருக்கலாம், அதற்கும் வழி வைக்கவில்லை. நெற்றியில் வேர்வையோடு, முதல் தடவையாகப் பழத்தோட்டத்துச் சுவரேறித் திருடின பையனைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, சரியா வந்துச்சா?"

செப்பனியா பெப்பர்மின்ட்டின் கடைசித் துண்டைக் கடித்து விழுங்கினார். "எல்லாம் சரிதான் வேய். ரெண்டு அபிப்பிராயம் உண்டுன்னீரே, அதை மட்டும் விட்டிருக்கணும்" என்றார். அந்த இடத்தில்தான் சபை மொத்தமும் சொக்கி விழுந்தது என்று அவருக்குத் தெரியும்.